அம்மா குளிக்க வந்த வீடு

நாற்றத்துக்கு அசைகிற ஆள் இல்லை மூத்தவள். பல் டாக்டரிடம் உதவிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பார்க்காத ஊத்தை கிடையாது. சொத்தைப் பல், சீழ் வைத்த ஈறு என்று காலை முழுக்கப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பிட உட்காருவாள். "உனக்கு இருக்கிறது வயிறு இல்ல, சிமெண்டுத் தொட்டி" என்பார் அவள் வீட்டுக்காரர். அப்பேர்ப்பட்டவளை அந்த மழைக்காலத்தில் ஒரு வீடு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட வைத்தது. அதுவும் சாதாரண வீடில்லை, பத்திரிகைக்காரர்கள் வந்து படமெடுத்துக்கொண்டு போன வீடு. கட்டியவன் அவளுடைய சொந்தத் தம்பி. உள்ளே இருந்தவள் அவர்களைப் பெற்றவள்.

இளையவனுக்கு வீடு வரைந்து கட்டிக் கொடுக்கிற தொழில். வெயிலையும் காற்றையும் கூலியில்லாத ஆட்களாக வைத்துக்கொண்டு வீடு கட்டலாம், கரண்டை உறிஞ்சாத வீடுதான் இனிமேல் வீடு என்று கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வான். வாய் அப்படி. அவன் பேசினால் சுவர்கூடத் தலையாட்டும் என்று அம்மா பெருமைப்படுவாள். அம்மா இருந்த பழைய வீடு மழை பெய்தால் உள்ளேயும் பெய்கிற ரகம். அதை இடித்துவிட்டு அதே மனையில் ஒரு புது வீடு எழுப்பினான். வாசலில் 'பசுங்கூடு' என்று மரப்பலகையில் செதுக்கி மாட்டினான். மூத்தவளின் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு.

பொய் சொல்லக் கூடாது, வீடு நல்ல வீடுதான். ஒரு முழம் தடிமனுக்குச் சுவர். அதன் உள்ளே பழைய காகிதத்தை அரைத்துப் பஞ்சாக்கித் திணித்திருந்தான். ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. கூரையில் கரண்ட் எடுக்கிற சோலார் பலகைகள். ஒரு சின்ன இடுக்கு வழியாகக்கூடச் சூடு வெளியே போகாதபடி டப்பா மாதிரி இறுக்கி மூடியிருந்தான். அப்படி மூடிய வீட்டுக்குள் ஈரக்காற்று தங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பரணில் ஒரு மிஷின். உள்ளேயிருக்கிற பழைய காற்றை அது வெளியே தள்ளும். போகிற காற்றின் சூட்டைப் பிடித்து வைத்து, வருகிற புதுக்காற்றுக்குக் கொடுக்கும்.

"இதுதான்கா இந்த வீட்டோட நுரையீரல்" என்று அதைத் தட்டிக் காட்டினான் இளையவன். "இது ஓடற வரைக்கும் அம்மாவுக்கு ஒரு தும்மல்கூட வராது."

முதல் வருஷம் வரவும் இல்லை. வெளியே குளிர் பல்லைக் கிட்ட வைத்தபோது அம்மா ஒற்றைச் சட்டையோடு உள்ளே நடமாடினாள். மூத்தவளுக்கே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் வீடோ பழைய வீடு, கதவிடுக்கில் காற்று விசிலடிக்கும்.

இரண்டாவது மழைக்காலம் தொடங்கியபோதுதான் அம்மா தினமும் வர ஆரம்பித்தாள்.

முதலில் குளிக்க வந்தாள். "அங்க தனியா இருக்கப் போரடிக்குதுடி" என்றாள். பிறகு துணி மூட்டையோடு வந்தாள். மூத்தவளின் வாஷிங் மிஷினில் போட்டுத் துவைத்து, பிழிந்த துணியை ஈரத்தோடு வாளியில் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு சமையலும் இங்கேயே ஆயிற்று. தனக்கு வேண்டியதைச் சமைத்து டப்பாவில் அடைத்துக்கொண்டாள். போனை சார்ஜில் போட்டுவிட்டு, அது நிறைகிற வரை சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தாள்.

"அத்தை, பேசாம பெட்டியத் தூக்கிட்டு இங்கயே வந்துடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

"வேணாம் மாப்பிள்ளை. பையன் ஆசையாக் கட்டின வீடு" என்றாள் அம்மா.

மூத்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதிலிருந்தே அம்மாவுக்கு இளையவன்தான் எல்லாம். பாலாடை அவனுக்கு, பால் இவளுக்கு. அவன் கீழே விழுந்தால் இவளுக்கு அடி விழும். அதையெல்லாம் அவள் பெரிதாகச் சொல்லிக் காட்டியதில்லை, ஆனால் மறந்ததும் இல்லை. இத்தனை வருஷம் கழித்து அம்மா தன் வீட்டைத் தேடி வருகிறாள் என்றதும் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இளகிவிட்டது. குளியலறையில் அம்மா வழுக்கி விழாமல் இருக்கச் சுவரில் பிடிகம்பி வைத்தாள். அம்மா சாய்கிற இடத்தில் புதுத் திண்டு போட்டாள். கிளினிக்கில் டாக்டரம்மாவிடம், "வயசானா பொண்ணுதான்னு புரிஞ்சுடுது மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

மழை வலுத்தது. அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் வறட்டு இருமல், பிறகு நெஞ்சைக் கிழிக்கிற இருமல். இன்னொன்றையும் மூத்தவள் கவனித்தாள். குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகும் அம்மாவின் கம்பளிச் சட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கேட்டால், "மழைக்காலம்டி, துணி காய மாட்டேங்குது" என்றாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம். அம்மா சோபாவிலேயே தூங்கிவிட்டாள். இருமல் மருந்து பசுங்கூட்டில் இருந்தது. எடுத்துக்கொண்டு வரலாம் என்று சாவியோடு புறப்பட்டாள் மூத்தவள்.

கதவைத் திறந்ததும் அது முகத்தில் வந்து மோதியது. வாடை என்று சொன்னால் போதாது; வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டும் போலிருந்தது. உள்ளே வெளியைவிடக் குளிர். விளக்கைப் போட்டாள், எரியவில்லை; பல்பையே கழற்றி வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளின் உட்பக்கம் தண்ணீர் கோடு கோடாக வழிந்து, சட்டத்தில் தேங்கி, அங்கே பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, அவள் வீட்டில் துவைத்த துணிகள் வரிசையாகத் தொங்கின. போன வாரம் துவைத்தவையும் இன்னும் காயாமல் தொங்கின.

மருந்து படுக்கையறை அலமாரியில் இருந்தது. கதவு உப்பிப் போயிருந்ததால் பிடித்து இழுத்தாள். அலமாரியே ஒரு சாண் முன்னால் வந்தது.

பின்னாலிருந்த சுவர் கறுப்பாக இருந்தது. ஏதோ பெயிண்ட் என்றுதான் முதலில் நினைத்தாள். போன் வெளிச்சத்தில் பார்த்தபோது அதற்கு மயிர் இருந்தது. கறுப்பும் சாம்பலுமாகப் பூனைத்தோல் மாதிரி சுவர் முழுக்கப் பூசணம். தரையை ஒட்டிய மரப்பட்டையில் வெளிறிய காளான்கள், காது காதாக முளைத்திருந்தன. அவள் மூச்சு பட்டதும் சுவரிலிருந்து தூள் கிளம்பியது. அந்தச் சுவருக்கும் அம்மாவின் தலையணைக்கும் இடையே ஒரு கை தூரம்கூட இல்லை. தலையணையைத் திருப்பினாள். அடியில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு.

சமையலறைக்குப் போனாள். பிரிட்ஜின் கதவு இடுக்கில் ஒரு பழைய காலுறையைச் செருகி லேசாகத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே விளக்கு இல்லை, குளிர் இல்லை. அடித்தட்டில் ஒரு கிண்ணம். அதில் இருந்தது என்னவாக இருந்திருக்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இப்போது அது கம்பளி போர்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. வாசலுக்கு ஓடி, 'பசுங்கூடு' பலகைக்குக் கீழே குனிந்து வாந்தியெடுத்தாள்.

மறுபடி உள்ளே போய் ஏணி வைத்துப் பரணில் பார்த்தாள். மிஷின் சத்தமில்லாமல் கிடந்தது. அதன் ஸ்விட்சை அணைத்து, மேலே யாரும் போட்டுவிடாதபடி டேப் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவை எழுப்பினாள்.

"பரண் மிஷினை யாரும்மா நிறுத்தினது?"

அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கத்தாதடி. தம்பிதான். போட்டி முடியற வரைக்கும்தான்" என்றாள்.

"என்ன போட்டி?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கரண்டை மிச்சம் பிடிக்கிற வீடுகளுக்கு ஒரு போட்டி. மழைக்காலம் முழுக்க எந்த வீட்டு மீட்டர் குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டுக்குப் பரிசு. அதோடு, ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒரு பெரிய குடியிருப்பு வரப்போகிறது, ஜெயித்தவனின் மாதிரியிலேயே அத்தனை வீடும் கட்டுவார்கள். இளையவன் மீட்டரைக் குறைக்க ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்திருக்கிறான். முதலில் ஹீட்டர், பிறகு வெந்நீர், பிரிட்ஜ், கடைசியில் மிஷின். 'ஜன்னலைத் திறக்காதேம்மா, இருக்கிற சூடும் போயிடும்' என்றும் சொல்லி வைத்திருக்கிறான்.

மூத்தவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ நீ இங்க குளிக்க வந்தது?"

"அங்க வெந்நீர் போட்டா மீட்டர் ஓடும்ல?"

"துணி துவைச்சது, சமைச்சது?"

"என்னடி போலீஸ் மாதிரி கேக்கற? மகள் வீட்ல ரெண்டு வாளித் தண்ணி காய வச்சா குறைஞ்சா போயிடுவ? உன் தம்பி முன்னுக்கு வர்ற நேரம்."

மூத்தவள், சோபாவில் அம்மாவின் தலைக்கு அண்டை கொடுத்திருந்த புதுத் திண்டைப் பார்த்தாள். தன்னை நினைத்தே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லிச் சிரித்தாயிற்றே.

இளையவனைப் போனில் பிடித்தாள். "அந்தச் சுவரப் பார்த்தியாடா நீ?" என்றாள்.

"அக்கா, அக்கா, முதல்ல மூச்சு விடு. அது மேல்பூச்சுல வர்றதுதான், துடைச்சாப் போயிடும். இன்னும் கொஞ்ச நாள்தான். நடுவர்கள் வந்துட்டுப் போகட்டும், அப்புறம் எல்லாத்தையும் போட்டுக் குடுத்துடறேன்."

"அம்மா இருமறது உன் காதுல விழலையா?"

"அம்மாவே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்னக்கா?" என்றான். தேனில் ஊறிய குரல். அந்தக் குரலைக் கேட்டபோது, மதியம் பிரிட்ஜைத் திறந்தபோது வந்த அதே குமட்டல் அவளுக்கு மறுபடி வந்தது.

அம்மாவை அவள் அனுப்பவில்லை. ஆனால் அம்மா நிற்கவில்லை. ராத்திரி ஆள் இல்லாவிட்டால் 'குடியிருக்கும் வீடு' என்ற கணக்கில் சேராதாம். பிடிவாதமாகச் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டே போனாள். மூத்தவளால் செய்ய முடிந்தது, கட்டிலை அந்தச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டதும் தலையணையை மாற்றியதும்தான்.

நடுவர்கள் வருகிற நாளும் வந்தது. அதற்கு முன்னால் இளையவன் ஒரு பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு வந்து கறுப்பின் மேலேயே வெள்ளை அடித்துவிட்டான். கயிறு போயிற்று, காலுறை போயிற்று. பிரிட்ஜுக்குள் பச்சை ஆப்பிள் அடுக்கியிருந்தான். மூலைக்கு மூலை மல்லிகை வாசனைத் திரவம் அடித்திருந்தான். அது அடியிலிருந்த நாற்றத்தோடு கலந்து, கழிவறையில் கல்யாணம் நடப்பது மாதிரி இருந்தது. மூத்தவளும் வீட்டுக்காரரும் அம்மாவுக்காகப் போயிருந்தார்கள். அம்மா புது உடுப்பில், மடியில் கைக்குட்டையோடு நாற்காலியில் இருந்தாள். இருமல் வரும்போதெல்லாம் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள்.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை ஒரு நரைத்த அம்மாள். அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இளையவன் சுவரில் ஒரு படத்தை மாட்டி விளக்கினான். அதில் இரண்டு பட்டைகள். குட்டையாகப் பச்சையில் ஒன்று, கூரையை முட்டுகிற மாதிரி சிவப்பில் ஒன்று.

"பச்சை, பசுங்கூடு. சிவப்பு, இதே பேட்டையில இருக்கிற ஒரு சாதாரண வீடு. ஏறக்குறைய இதே அளவு. ஆனா கரண்டை எப்படிக் குடிக்குது பாருங்க. இந்த மழைக்காலத்துல போன வருஷத்தவிட இன்னும் ஏறியிருக்கு. இந்த மாதிரிப் பொறுப்பில்லாத வாழ்க்கையைத்தான் நாம மாத்தணும்" என்றான். நடுவர்களில் ஒருவர் சிவப்பைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

சிவப்புப் பட்டைக்குக் கீழே அந்தச் சாதாரண வீட்டின் புகைப்படம் சின்னதாக இருந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். "ஏய், அது நம்ம வீடுடி" என்றார். குரலைத் தாழ்த்தத் தெரியாத மனிதர். "என் சைக்கிள் நிக்குது பாரு!"

மூத்தவள் பார்த்தாள். அவள் வீடுதான். போன மாதம் இளையவன், 'கரண்ட் ரசீதைக் குடுக்கா, எங்கயாவது மிச்சம் பிடிக்க முடியுமான்னு பாக்கறேன்' என்று கேட்டு வாங்கிப் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. செருப்புக் காலால் எதையோ மிதித்துவிட்டுக் கீழே குனிந்து பார்க்கிறவளுக்கு வருகிற உணர்ச்சிதான் வந்தது.

தலைமை நடுவர் அம்மாவிடம் குனிந்து, "இவ்வளவு கொஞ்சம் கரண்ட்ல எப்படிம்மா சமாளிக்கறீங்க? குளிருக்கு வெந்நீர் வேண்டாமா?" என்று கேட்டாள்.

"எனக்குப் பச்சைத் தண்ணிதான் பழக்கம்" என்றாள் அம்மா, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

மூத்தவள் எழுந்தாள். சாதாரணமாக, தினமும் கேட்பது போலவே கேட்டாள். "அம்மா, குளிக்கப் போலாமா? நேரமாச்சு. தண்ணி சுட வச்சுட்டு வந்திருக்கேன்."

நடுவர்கள் மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எங்க?" என்றாள் தலைமை நடுவர்.

"எங்க வீட்டுல. அதோ செவப்பா நிக்குதே, அந்த வீடு. இவங்க குளிக்கறது, துவைக்கறது, சமைக்கறது எல்லாம் அங்கதான். அதான் ஏறிப்போச்சு."

இளையவன் சிரித்தான். "எங்கக்கா எப்பவும் தமாஷ்."

அம்மா தமாஷ் என்று சொல்லவில்லை. தலைமை நடுவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்பாதீங்கம்மா. இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தம்பி மேல பொறாமை. நான் அந்த வீட்டு வாசப்படி மிதிச்சே எத்தனையோ நாளாச்சு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மகளை முறைத்தாள்.

முந்தின நாள் சாயங்காலம்கூட அவள் வீட்டு வெந்நீரில் குளித்துவிட்டு வந்த அம்மா. அந்தச் சோப்பின் மணம் இன்னும் அவள் மேல் இருந்தது. மூத்தவளுக்கு அந்த மணமே பிடிக்காமல் போயிற்று.

தலைமை நடுவர் பரணை அண்ணாந்து பார்த்தாள். "காத்து மிஷினைப் பார்க்கணும், ஏணி இருக்கா?" என்றாள்.

இளையவன் சுறுசுறுப்பாக ஏணியைப் போட்டான். மிஷின் அன்று காலையிலிருந்து இதமாக ஓடிக்கொண்டிருந்தது. "எப்பவும் ஓடறதுதான். மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புது வடிகட்டி போட்டேன்" என்றான்.

நரைத்த அம்மாள் ஏறி, மூடியைக் கழற்றி, வடிகட்டியை உருவி, எல்லாரும் பார்க்கும்படி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை வெளேரென்று, கடையிலிருந்து இப்போதுதான் பிரித்த கைக்குட்டை போல இருந்தது.

"மழைக்காலம் முழுக்க ஓடின மிஷின்ல இது அடுப்புத் துணி மாதிரி இருக்கணும் தம்பி" என்றாள். இறங்கி வந்து, படுக்கையறைக்குப் போய், வெள்ளையடித்த சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஊறிப்போன சுவர்ப்பலகைக்குள் விரல் புகுந்தது. எடுத்தபோது நுனி கறுப்பாக இருந்தது. அதைச் சட்டையில் துடைக்க மனமில்லாமல், கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே வெளியே நடந்தாள்.

பசுங்கூட்டைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இளையவன் வெட்கப்படுவான் என்று மூத்தவள் நினைத்தாள். அவனோ அவள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினான். "நீ கெடுத்தது என்னை இல்லக்கா. எத்தனை ஏழைக் குடும்பம் நல்ல வீட்டுக்குப் போயிருக்கும்! என் டிசைன்ல என்ன தப்பு? சொல்லு!"

"டிசைன்ல ஒரு தப்பும் இல்லடா. போன வருஷம் நானே அதப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நல்லாக் கட்டிட்டு நீயே அதோட மூக்கைப் பொத்திட்ட. நாளைக்கு அத்தனை வீட்டுக்காரனும் எங்க போய்க் குளிப்பான்?" என்றாள்.

அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

அம்மாவின் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. பூசணத் தூளைச் சுவாசித்ததுதான் என்றார் டாக்டர், அந்தச் சுவர் சுத்தமாகிற வரை அங்கே கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி, பிறகு மகள் வீடு. அம்மா மகளிடம் பேசவில்லை. வேண்டியதை மாப்பிள்ளையிடம் கேட்டாள். மூத்தவள் மருந்து கொடுத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள். அதைச் செய்யும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மழை விட்டதும் சுவரைப் பிரித்தார்கள். கூலிக்கு வந்த ஆள் எட்டிப் பார்த்துவிட்டு வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டான். கடைசியில் மூத்தவளும் வீட்டுக்காரரும்தான் முகமூடி, கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். பலகையைப் பெயர்த்ததும் உள்ளேயிருந்த காகிதப் பஞ்சு ஈரச் சாணி போலச் சரிந்து விழுந்தது. அள்ள அள்ள வந்தது. கையுறையைத் தாண்டி விரலிடுக்கில் அந்தச் சில்லிப்பு ஏறியது. அதை மூட்டை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தார்கள்.

மதியத்துக்கு மேல் இளையவன் வந்தான், அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அடுத்த வருஷம் வேற ஊர்ல ஒரு போட்டி இருக்குக்கா. இந்தத் தடவை மிஷினை ஓட விட்டே ஜெயிச்சுக் காட்டறேன் பாரு" என்றான். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை.

மூத்தவள் ஒரு மூட்டையைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினாள். "பிடி. குப்பை வண்டி வரைக்கும் கொண்டு போ."

அவன் இரண்டு விரலால் அதன் காதைப் பிடித்தான். மூட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டி அவன் செருப்பில் விழுந்தது.

அத்தனை நாளாக அவளிடம் வாய் திறக்காத அம்மா, அப்போது திறந்தாள். "அவன்கிட்ட ஏன்டி அதக் குடுக்கற? அவனுக்கு அந்த நாத்தம் ஒத்துக்காது."

மூத்தவள் முகமூடியைக் கழற்றினாள். அம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது, ஆனால் வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அடுத்த மூட்டையைக் கட்டக் குனிந்தாள்.

சுவரைப் புதிதாக அடைத்து, காயவைத்து, மிஷினையும் வெந்நீரையும் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா திரும்பிப் போனாள். இப்போது அந்த வீடு உள்ளபடியே நல்ல வீடு. உலர்வாக, கதகதப்பாக, கொஞ்சக் கரண்டிலேயே ஓடுகிறது. அம்மாவுக்கு இருமலும் இல்லை. மூத்தவள் அவ்வப்போது மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறாள். "உள்ள வாடி, எவ்வளவு இதமா இருக்கு பாரு" என்று அம்மா கூப்பிடுவாள். "நேரமாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறாள்.